பாடம் நடத்த நேரம் வேண்டும்

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் தஞ்சை வட்டாரக் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிகள் உண்டு. காலையில் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் கைப்பேசியோடு வாசலுக்கு ஓட வேண்டும். உள்ளே, 'அ' எழுதிய சிலேட்டை நீட்டியபடி ஒரு பிள்ளை நிற்கும். நடவு நேரத்தில் நாற்றுமுடியை எண்ணிக்கொண்டே இருந்தால் வயல் என்னாவது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். ஆசிரியரின் நேரம் பிள்ளைகளுக்கே உரியது என்பதுதான் அதன் பொருள். பதிவேற்றும் வேலைக்குத் தனி ஆள் போடுங்கள். ஆசிரியர்களான எங்களைப் பாடம் நடத்த விடுங்கள்.