வந்திருப்பது அவள்தானா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேசுகிறார் என்றதும் நீரிழிவோ முழங்கால் நோவோ என்று எண்ணியிருப்பீர்கள். சங்கமும் அதைத்தான் கேட்டது. கடந்த ஆண்டு எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் நடந்த காரியம் தலைப்பை மாற்றிவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தோழியின் பெயரிலிருந்து பலருக்குத் தனித்தனியே செய்தி வந்தது. "எனக்கு வரவேண்டிய ஆறு இலக்கக் குறியீடு தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு வந்துவிட்டது. அனுப்பிவிட முடியுமா?" அவளுக்கு உதவாமல் வேறு யாருக்கு உதவுவது? மூன்று பேர் அனுப்பினோம். உண்மையில் அது எங்கள் சொந்தக் கணக்கின் சாவி. யாரோ ஒருவர் தன் கைத்தொலைபேசியில் எங்கள் இலக்கத்தைப் பதிய முயன்றிருக்கிறார். அது நாங்கள்தானா என்று உறுதிசெய்ய வட்ஸ்அப் எங்களுக்கு அனுப்பிய குறியீட்டை எங்களிடமே கேட்டு வாங்கிவிட்டார். ரொறன்ரோத் தோழியும் முதல் நாள் அப்படித்தான் பறிகொடுத்திருந்தாள்.

மறுநாள் எங்கள் மூவரின் பெயரிலும், நூற்றாண்டு நிதிக்கு அவசரமாகப் பணம் கேட்டு மற்றவர்களுக்குச் செய்தி போனது. இரண்டு தோழிகள் அனுப்பினார்கள். மொத்தம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. அதில் ஒருத்தியுடையது மகனின் ரியூசன் காசு. அது திரும்பி வரவில்லை. மட்டக்களப்பில் இருக்கும் தோழிதான் பிடித்தாள். "முப்பது வருசமாக 'எடியே' என்று கூப்பிடுகிறவள் என்னை 'அன்புத் தோழியே, நலமாக இருக்கிறீர்களா' என்று கேட்பாளா?" என்று அவள் நேரடியாக அழைப்பெடுத்துக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

முன்பு இப்படியான மோசடிகளை அவற்றின் உடைந்த தமிழிலேயே பிடித்துவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு சந்திப்பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுக்கிறது. எங்கள் தமிழ் ரீச்சர் பார்த்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பார்.

இடாப்புக் கூப்பிடும்போது வராத தோழிக்காகப் பின்வாங்கிலிருந்து "பிரசன்ற் ரீச்சர்" சொல்லாதவர்கள் இங்கே எத்தனை பேர்? ரீச்சர் தலையை நிமிர்த்தாமலே, "வந்தவள் எழும்பி நிற்கட்டும்" என்பார். பெயர் ஒன்று, ஆள் ஒன்று என்பது அவருக்குத் தெரியும். கணினிக்கும் அந்த இரண்டு கேள்விகளும்தான்: நீ யார், அது நீதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

முதலாவதையும் இரண்டாவதையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். எங்கள் வயதினரின் பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வருகிறது, கணக்கு அதேதான். ஆகவே உங்கள் இலக்கத்தைப் பார்த்தவருக்கு உங்கள் பிறந்தநாள் தெரியும். (வயதை மறைத்து வைத்திருக்கும் அக்காமார் மன்னிக்கவும்.) அந்த இலக்கம் ஒரு பெயரைப் போன்றது, சாவியல்ல. பிறந்தநாளைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் இன்றிரவே மாற்றுங்கள்.

வைத்தியர்களாகிய நாங்களும் இதில் யோக்கியர்களல்ல. நாங்கள் வேலை செய்த ஒரு நோயாளர் விடுதியில், ஆய்வுகூட முடிவுகளைப் பார்க்கும் கணினிக்கு ஆளுக்கொரு கணக்குத் தந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்நுழைய யாருக்குப் பொறுமை? ஒருத்தியின் கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து எல்லோரும் பாவித்தோம். ஓர் இரவு, ஒரு நோயாளியின் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. முடிவு "பார்க்கப்பட்டது" என்று பதிவாகியிருந்தது. மருந்து போடப்பட்டதோ விடியற்காலையில். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பதிவிலிருந்த பெயருக்குரியவள் அந்நேரம் வீட்டில் நித்திரை. தான் நித்திரை கொண்டதை அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. உண்மையில் யார் பார்த்தது என்பது இன்றுவரை தெரியாது. காகிதப் பதிவேட்டுக் காலத்தில் எங்கள் எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தாலும், அது யாருடைய கோழி என்று தாதியருக்குத் தெரிந்திருந்தது.

பெரிய இடத்திலும் இப்படித்தான். அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கெயார், வைத்தியசாலைகளுக்கும் மருந்தகங்களுக்கும் காப்புறுதிக் கொடுப்பனவுகளைக் கையாளும் நிறுவனம். 2024 பெப்ரவரியில் திருடர்கள் களவாடிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழைந்தார்கள். அந்த வாசலில் இரண்டாவது சரிபார்ப்பு இருக்கவில்லை. ஒன்பது நாட்களின் பின் எல்லாவற்றையும் பூட்டினார்கள். 22 மில்லியன் டொலர் கப்பம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 190 மில்லியன் மக்களின் விபரங்கள் சம்பந்தப்பட்டன. "எழும்பி நில்" என்று சொல்ல அங்கே ஒரு ரீச்சர் இல்லாமற் போனார்.

மோசடிக்குப் பிறகு, எங்கள் வகுப்புக்கென முறையான அங்கத்தவர் பதிவேடொன்றை இணையத்தில் அமைக்கத் தீர்மானித்தோம். எங்களுள் ஒருத்தியின் மகள், மென்பொருள் படிக்கும் பிள்ளை, செயற்கை நுண்ணறிவின் துணையோடு இரண்டே மாலைகளில் செய்து தந்தாள். வடிவான தளம், கல்லூரிச் சின்னமும் இருந்தது. மெல்பேர்னில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் தோழி, திறப்பதற்கு முன் ஒருமுறை பார்த்தாள். தன் பக்கத்தின் முகவரி 41 என்று முடிவதைக் கண்டு, அதை 42 ஆக்கினாள். இன்னொருத்தியின் விலாசம், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் திறந்துகொண்டன. நீ அங்கத்தவரா என்று கேட்ட மென்பொருள், இது உன்னுடைய பக்கமா என்று கேட்கவில்லை. கடவுச்சொற்களும் அப்படியே எழுதியபடி கிடந்தன. பிள்ளை அழுதேவிட்டாள்.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2021இல் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிட்ஹப் கோபைலட் என்ற உதவியாளரைக் கொண்டு, பாதுகாப்புக்கு முக்கியமான சந்தர்ப்பங்களுக்கென 1,689 நிரல்களை எழுதுவித்தபோது ஏறத்தாழ 40 வீதமானவற்றில் பாதுகாப்புக் குறைபாடு இருந்தது. கருவிகள் அதன்பின் வளர்ந்துவிட்டன. ஆயினும் நாம் கேட்காததை அவை தாமாகச் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

மெல்பேர்ன் தோழியும் நாள்தோறும் அதைப் பாவிப்பவள்தான். அவளுடைய அலுவலகத்தில் அது எழுதியதை ஒரு மனிதர் தன் பெயரில் சமர்ப்பிக்க, இன்னொரு மனிதர் வாசித்து ஒப்புதல் தரவேண்டும். உள்ளகப் பயிற்சி வைத்தியர் எழுதியதன்கீழ் எங்கள் கையொப்பம் போவதைப் போலத்தான். அந்த உதவியாளருக்குத் தன் சொந்தக் கணக்கை அவள் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது அழித்ததும் அவள் அழித்ததாகவே பதிவாகும். அதற்கென்று தனிக் கணக்கு, தொடக்கூடிய இடங்களும் குறைவு. இதைக் கேட்டபோது திரையில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத் துண்டுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

பிள்ளை மூன்று வாரம் எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, விளங்காததைக் கேட்டுத் திருத்தினாள். பதிவேடு இப்போது தயார். அடையாள அட்டை இலக்கத்தை முற்றாக நீக்கிவிட்டோம். பழைய மாணவிகளுக்கு அது எதற்கு?

அவளும் இரண்டு தோழிகளும் வாசலருகே மேசை போட்டு இருக்கிறார்கள். கைத்தொலைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் கொண்டு போங்கள். வட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டுக்கு ஆறு இலக்கம் வைக்கக் காட்டித் தருவார்கள். அந்த இலக்கத்தை அவர்களுக்கும் சொல்லவேண்டாம். இனிமேல் எங்கள் பெயரில் யாராவது குறியீடோ காசோ கேட்டால், ஏசுவதற்காகவாவது ஒரு அழைப்பு எடுங்கள். தேநீர் முடியும்வரை பிள்ளைகள் இருப்பார்கள்.