காணியை எழுத்திலே காட்டுங்கள்

(காணி உரிமைக் கோரிக்கை எழுத உதவும் தொண்டர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடமாகாணத்திலே ஏறக்குறைய 5,940 ஏக்கர். அதிலே யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 3,600 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்றது அவ்வறிவித்தல். போரிலும் ஆழிப்பேரலையிலும் உறுதிகளை இழந்து, கடல் கடந்து சிதறிய மக்களுக்கு மூன்றே மாதம்! யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதனால் மூச்சுவிட நேரங் கிடைத்தது. இனி எழுதவேண்டியவர்கள் நாமே.

எம்மிடம் வந்த கோரிக்கைகள் பலவற்றைப் படித்தோம். இரண்டு பக்கம் துன்பம். காணியைப் பற்றியோ அரை வரி. பரம்பரைக் காணி உண்டு, 1990 முதல் அகதிகளாக அலைகின்றோம் என்பதோடு முடிந்துவிடுகின்றது. ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆயினும் கொழும்பிலிருந்து வரும் அதிகாரி அக்கடதாசியைக் கையிற் பிடித்துக்கொண்டு எந்த வேலியோரம் போய் நிற்பார்?

ஆகவே காணியை முதலில் எழுதுங்கள். காணிப் பெயர், அளவு, நான்கெல்லை. லாச்சத்தில் எழுதும்போது நெல் விதைப்பா, வரகு விதைப்பா என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவல்ல. எல்லையிலேதான் பெருங்குழப்பம் விளைகின்றது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் முடித்த உறுதி கிழக்கெல்லைக்கு ஒருவர் பெயரைச் சொல்லும். அவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில், வேலியைப் புல்டோசர் தின்றுவிட்டது. உடனே நம்மவர் பழைய பெயரை நீக்கிப் புதுப்பெயரை எழுதிவிடுகின்றனர். கூடவே கூடாது! உறுதியின் சொற்களை உள்ளவாறே எழுதி, பக்கத்தில் "தற்போது இன்னாருக்குரியது" என்று சேருங்கள். பழைய உறுதியையும் இன்றைய நிலத்தையும் பிணைப்பது அந்தச் சிறு தொடரே. அருகில் கோயிலோ ஒழுங்கையோ இருப்பின் அதனையுங் குறிப்பிடுங்கள்.

அடுத்தவர் காணியிலுள்ள கிணற்றிற் பங்கு, அதற்குப் போகும் வழி, நீரோடும் வாய்க்கால் ஆகியவற்றைத் தனியாக எழுதவேண்டும். மறந்தால் காணி திரும்பி வரும், தண்ணீர் வராது. குடாநாட்டுத் தோட்டக்காரனுக்கு இதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

கோருபவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. கணவர் "எனது காணி" என்று ஒப்பமிட்டிருப்பார். உறுதியைப் பார்த்தால் மனைவியின் சீதனம்! தேசவழமையில் சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. கோரிக்கை அவ்வம்மையார் பெயரிலே போகட்டும். சில ஐயாமாருக்கு இது கசக்கும். கசந்தாலும் சட்டம் அதுவே.

உறுதி தொலைந்தவர்கள் கலங்கவேண்டியதில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படுவது. நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது முறை. நினைவிலுள்ள பெயர், ஆண்டு, இலக்கம் எதுவாயினும் அதனைக்கொண்டு அங்கே தேடுவியுங்கள். "உறுதி இல்லை" என்று மாத்திரம் எழுதிவிடாதீர்கள். உறுதி முடிக்கப்பட்டது, இன்ன இடப்பெயர்வில் தொலைந்தது என்று எழுதுங்கள்.

"காணியை விட்டுச் சென்றோம்" என்பதும் வேண்டாம். தாமாகவே கைவிட்டனர் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனை வாசிப்பார். எந்நாளில், எதனால் வெளியேற நேர்ந்தது, பின்னர் யாரிடம் எப்போது மனுக்கொடுத்தோம் என்று திகதியோடு எழுதுங்கள். திகதி நிச்சயமில்லையேல் மாதத்தைச் சொல்லுங்கள். ஊகித்து நாளெழுதினால் குறுக்கு விசாரணையில் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

எமது தொழிலாருக்கும் ஒரு சொல். 1956 இல் தமிழைப் புறக்கணித்த சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகஞ் செய்த மண் இது. 1988 இன் பதினாறாந் திருத்தத்தின் பின் வடக்கின் நீதிமன்ற மொழி தமிழ். அப்படியிருக்க, ஆங்கிலஞ் தெரியாத தாய் ஒருவரிடம் ஆங்கிலச் சத்தியக் கடதாசியை நீட்டிக் கையொப்பம் வாங்குவது என்ன நீதி? தமிழில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். பிழையை அவரே திருத்துவார். எல்லைகளை அவரைவிட அறிந்தவர் யார்?

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறமுள்ள மேசைகளில் தொண்டர்கள் இருப்பார்கள். உறுதியின் பிரதிகளை அவர்களிடங் காட்டுங்கள். மூல உறுதியை எவர் கேட்டாலும் கொடுக்கவேண்டாம், நாம் கேட்டாலுங்கூட.