சொந்தப் பெயரைச் சொல்லும் துணிவு



வெளியே சொல்ல நாம் கூச்சப்படும் ஒரு துன்பத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறார். வாசலில் கடன் வசூலிக்க வந்தவர் நிற்கிறார். அந்தத் தாய் கடன் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஆதார் அவருடையது, பான் கார்டு அவருடையது, அவருடைய கைப்பேசிக்கு வந்த ஓடிபியும் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. விசாரித்தால், கடன் வாங்கியவர் சொந்த மகன். அம்மா களைத்துத் தூங்கிய நேரத்தில் அவருடைய கைப்பேசியை எடுத்து, கடன் செயலியில் அம்மாவாகவே பதிவு செய்திருக்கிறான். வேறு வீடுகளில் இதைச் செய்பவர் கணவராகவோ, அண்ணனாகவோ, மருமகனாகவோ இருக்கலாம்.

திருடன் வெளியிலிருந்து வந்தால் ஊரைக் கூட்டுகிறோம். வீட்டுக்குள்ளேயே இருந்தால், குடும்ப மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். இப்படிப்பட்ட வீடுகளைத் திருவிவிலியம் நன்றாக அறியும்.

தொடக்க நூல் 27ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். பார்வை மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி வழங்கக் காத்திருக்கிறார். தாய் ரெபேக்காவின் யோசனைப்படி, இளையவர் யாக்கோபு அண்ணனின் உடையை அணிந்து, கைகளில் ஆட்டுக்குட்டியின் தோலைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் முன் நிற்கிறார். நீ யார் என்று தந்தை கேட்டபோது, அண்ணனின் பெயரைச் சொல்கிறார். குரலைக் கேட்டு ஈசாக்குக்கு ஐயம் எழுகிறது. ஆனால் கைகளைத் தடவிப் பார்த்து நம்பிவிடுகிறார். அன்று தோலும் உடையும் அடையாளச் சான்று; இன்று கைரேகையும் ஓடிபியும். ஏமாற்றும் வழி ஒன்றுதான்.

விளைவு என்ன? ஏசா மனம் கசந்து அலறுகிறார், தம்பியைக் கொல்லவும் எண்ணுகிறார். யாக்கோபு ஓடிப்போய், லாபானின் வீட்டில் 20 ஆண்டுகள் உழைக்கிறார். மகன்மேல் வரும் சாபம் தன்மேல் விழட்டும் என்று ரெபேக்கா ஏற்றிருந்தார். அவர் அந்த மகனை மறுபடியும் பார்த்ததாகத் திருவிவிலியத்தில் ஒரு குறிப்பும் இல்லை. மகனைக் காப்பதாக எண்ணி மூடி மறைத்த தாய் மகனையே இழந்தார்.

குணமாகுதல் எங்கே தொடங்கியது? யாபோக்கு ஆற்றங்கரையில், விடியும் முன், தன்னோடு போராடியவர் யாக்கோபிடம் பெயர் என்ன என்று கேட்கிறார். அன்று தந்தையிடம் மறைத்த தன் சொந்தப் பெயரை இப்போது அவர் சொல்கிறார். அதன்பின்தான் அவருக்குப் புதிய பெயரும் ஆசியும் கிடைக்கின்றன. ஆனால் கண்ணீரோடு மட்டும் அவர் அண்ணனைச் சந்திக்கப் போகவில்லை. ஆடுகள், ஒட்டகங்கள், மாடுகள், கழுதைகள் என, குட்டிகளைச் சேர்க்காமலே 550 கால்நடைகளை முன்னே அனுப்புகிறார். எபிரேய மொழியில், தான் தரும் அந்த அன்பளிப்பை அவர் ‘ஆசி’ என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார். எதை எடுத்தாரோ, அதைத் திருப்பித் தர முன்வருகிறார்.

வீட்டாரின் பெயரில் கடன் வாங்கியிருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆன்லைன் சூதாட்டமோ, வேலையிழப்போ, அவசரச் செலவோ, காரணம் எதுவானாலும் முதலில் உண்மையைச் சொல்லுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் நீங்கள் சொல்வதைக் குருக்களாகிய நாங்கள் எவரிடமும் சொல்ல மாட்டோம். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எடுத்ததைத் திருப்பித் தருவது நீதியின் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2412ஆம் எண்ணில் கற்பிக்கிறது. சக்கேயு நான்கு மடங்கு தர முன்வந்தார். மாதம் ஆயிரம் ரூபாய்தான் முடியும் என்றால், அந்த ஆயிரத்திலிருந்து தொடங்குங்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் கேட்கும் கேள்வி வேறு: சொந்தப் பிள்ளைமீது புகார் கொடுப்பது பாவமா? இல்லை. நான் இந்தக் கடனை வாங்கவில்லை என்று சொல்வது உண்மை. உண்மையைச் சொல்வது பழிவாங்குதல் ஆகாது. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வழி காட்டுகிறார்: முதலில் தனியே பேசுவது, கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல்வது, அதற்கும் இணங்காவிட்டால் சபையிடம் சொல்வது. தாய் தன் விருப்பத்தோடு அந்தக் கடனை அடைக்கலாம். ஆனால் ‘பிள்ளைதானே, நீயே கட்டிவிடு’ என்று அவரை வற்புறுத்த உறவினருக்கும் உரிமை இல்லை, பங்கு மக்களாகிய நமக்கும் இல்லை. குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்ளாமல், பாதிக்கப்பட்டவர் மட்டும் சுமப்பது சமாதானம் ஆகாது.

சில காரியங்களில் தாமதம் கூடாது. கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். வாங்காத கடன் என்றால், கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்; நம் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். சட்ட உதவிக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பிறருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சொந்த மகன் என்பதற்கு அதில் விலக்கு இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் கடமை.

மன்னித்த பிறகு? ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டித் தழுவி அழுதார். ஆனால் அதன்பின் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் தனித்தனியே போனார்கள். மன்னிப்பு ஒரு நாளில் வரலாம், நம்பிக்கை மெதுவாகத்தான் திரும்பும். ஆகவே மன்னித்த தாய் கைப்பேசியின் கடவு எண்ணை மாற்றுவதும், ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைப்பதும் அன்புக் குறைவு அல்ல. பிள்ளையை இன்னொரு சோதனையிலிருந்து காப்பதும் அன்புதான்.

இந்த வாரம் நம் இல்லங்களில் இரவுச் செபம் முடிந்ததும் ஒருவர் மற்றவரிடம் மனம்விட்டுப் பேசுவோம். மறைத்த கடன் இருந்தால், வாசலில் ஆள் வந்து நிற்கும் முன்னே சொல்லிவிடுவோம். சொல்பவரை அடிக்காமல், ஏசாமல் கேட்கும் பொறுமையை வீட்டாருக்கு இறைவன் தருவாராக. யாக்கோபைப் பெயர் கேட்டு ஆசி வழங்கிய ஆண்டவர் நம் குடும்பங்களையும் உண்மையிலும் அன்பிலும் காத்தருள்வாராக. ஆமென்.