செங்கோட்டுப் படிவழி



சேலம், நாமக்கல் வயல்வெளிகளுக்கிடையே செந்நிறப் பாறையாய் ஓங்கி நிற்பது திருச்செங்கோட்டு மலை. கோடு என்பது மலைமுடி. செம்மையான கோடு செங்கோடு. மலையின் பெயரே தமிழின் பழமைக்குச் சான்று பகர்கின்றது. தேவாரக் காலத்தில் இவ்வூர் கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கிற்று. உடன்வந்தோரைக் குளிர்காய்ச்சல் வருத்தியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடியது இங்கேதான் என்பர். கண்ணகி ஏறிய நெடுவேள்குன்றம் இம்மலையே எனச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கொண்டார். சேரநாட்டு மலையென்பாரும் உளர்.

இம்மலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உந்துகள் ஓடும் சாலை. மற்றொன்று முன்னோர் அமைத்த படிவழி. படிகள் 1,200-க்கு மேற்பட்டவை. சாலையிற் செல்வோர் விரைவில் முடியை எய்துவர்; ஆயின் வழியில் உள்ளவற்றை இழப்பர். இளைப்பாறுதற்குக் கட்டிய மண்டபங்களை அவர் காணார். பாறையில் ஏறத்தாழ 60 அடி நீளம் செதுக்கப்பெற்ற ஐந்தலைப் பாம்பையும் காணார்.

அப்படிவழியில்தான் அறுபதாம்படி உள்ளது. வழக்குற்றோர் அங்கு நின்று உரைத்த சொல்லை ஊரார் மெய்யென ஏற்றனர். அதனைச் 'சத்தியப்படி' என்றும் வழங்குவர். அறுபதாம்படி என்னும் தமிழ்ப்பெயரும் வழங்குகின்றது.  மேலே பாதி பெண்ணுருவாய் நிற்கும் இறைவனுக்கும் மாதொருபாகன் என்னும் இனிய தமிழ்ப்பெயர் இருக்க, 'அர்த்தநாரீசுவரர்' என்பதே எங்கும் ஓங்கி ஒலிக்கின்றது. என்னே தமிழர்தம் மறதி!

2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு 'அன்னைத் தமிழில் அருச்சனை' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆணை வழியைத் திறக்கும். நடக்க வேண்டியவர் மக்களே. தமிழில் வழிபாடு வேண்டுமென்று வாய்திறந்து கேளாதவருக்கு எந்த ஆணையும் பயன்படாது.

ஆள் நடவாத படிகளைப் புல் மூடும். வழங்காத பெயர்களை மறதி மூடும். புல்லைக் களைவதற்கு ஒருநாட் கூலி போதும். மறைந்த பெயரை மீட்கத் தலைமுறைகள் வேண்டும். ஆதலின் ஆசிரியர்கள் மாணவரைப் படிவழியே அழைத்துச் செல்க. ஒவ்வோர் இடத்தின் தமிழ்ப்பெயரையும் அவர்கள் வாயால் சொல்லச் செய்க. மேலே சென்றதும் மாதொருபாகனுக்குத் தமிழிலேயே வழிபாடு நடத்தக் கேட்டுப் பெறுக!