மாலைப் பொழுதில் வான்கோழி வேட்டை

அமெரிக்காவின் பென்சில்வேனியாக் காடுகளில் வசந்தம் பிறந்ததும் வான்கோழி வேட்டை தொடங்குகிறது. மார்பில் தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை, அதாவது பெரும்பாலும் சேவலையே, சுடலாம். காலையில் பேடுகள் சூழத் திரியும் சேவல், பேடுபோல் வேடன் எழுப்பும் பொய்க்குரலை எளிதில் பொருட்படுத்துவதில்லை. பிற்பகலிலோ பேடுகள் கூட்டை நாடிப் போய்விட, தனித்த சேவல் அக்குரலை நம்பி ஓசையின்றி வந்து நிற்கும். வேடன் சற்று அசைந்தாலும் போயிற்று; அதன் கண் அத்தனை கூர்மை!

பிற்பகல் இத்துணை வாய்ப்பானது என்றால், பருவத்தின் முற்பகுதியில் அங்கே நண்பகலோடு வேட்டையை நிறுத்துவானேன்? தரையில் முட்டையிடும் பேடு வெருண்டால் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். பெரும்பாலான பேடுகள் அடைகாக்க அமர்ந்த பின்னரே மாலை வேட்டைக்கு இசைவு. பொறுமையற்ற வேடருக்கு இது கசக்கலாம். நான் சட்டத்தின் பக்கமே நிற்பேன். அந்தியில் சேவலும் மரக்கிளையேறி அடைந்துவிடுகிறது.