வெட்கத்தில் போன இரண்டு வருஷங்கள்

(புணேயில் எங்கள் வட்டார மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வெளியூர் அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தருகிறேன்.)



போன கூட்டத்தில் சர்க்கரை வியாதி பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் முழங்கால் வலி. இன்று என் முறை. காரியதரிசி தலைப்பு என்னவென்று கேட்டபோது, "பிராஸ்டேட் கான்சரும் அதற்குப் பிறகும்" என்று சொல்லி வைத்தேன். உண்மையில் அந்த "பிறகும்" என்ற ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தாம்பத்தியம் பற்றிய பேச்சு வரும். மாமிகள் யாரும் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட வேண்டாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். என் அகமுடையாள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நேற்று ராத்திரியே அவளிடம் உத்தரவு வாங்கிவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். 2016-ல், என் 64-வது வயதில், ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது. வயசானால் அப்படித்தான் என்று இருந்தேன். பெண் வற்புறுத்தியதால் பரிசோதனைக்குப் போனேன். பி.எஸ்.ஏ. 9-க்கு மேல் இருந்தது. பயாப்ஸி செய்தார்கள். கான்சர், ஆனால் சுரப்பிக்கு வெளியே பரவவில்லை என்றார்கள். ஆபரேஷன் முடிவாயிற்று. ஒரு கத்தை காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கவுண்டரில் எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்தவன் நான்!

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பி.எஸ்.ஏ. அடிமட்டத்துக்கு இறங்கியது. பத்து நாளில் கதீட்டரை எடுத்தார்கள். அதன் பிறகு நாலு மாதம் சிறுநீர்க் கசிவு. பேடு வைத்துக்கொண்டுதான் வெளியே போவேன். அதுவும் சரியாயிற்று. ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. ஆண் என்கிற முறையில் எனக்கு இருந்த சக்தி அடியோடு போய்விட்டது. அது போகக்கூடும் என்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் வாய் வரை வரும். பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பான். விழுங்கிவிடுவேன்.

கசிவைச் சாக்காக வைத்து ஹாலில் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். கசிவு நின்ற பிறகும் கட்டில் ஹாலிலேயே இருந்தது. அவள் தோளில் கை வைத்தால்கூட நகர்ந்துகொள்வேன். ஆரம்பித்தால் முடிக்க முடியாதே என்ற பயம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

2018 தீபாவளிக்கு மறு வாரம் அவள் பெங்களூரில் உள்ள பெண் வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கினாள். எத்தனை நாள் என்று கேட்டேன். "நாள் கணக்கெல்லாம் வெச்சுக்கல. நான் இங்க இருந்தாலும் இல்லாட்டாலும் உங்களுக்கு ஒண்ணுதானே" என்றாள். அன்றைக்குத்தான் உடைத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவுதானா? வியாதி திரும்பி வந்துடுத்து, எங்கிட்ட மறைக்கறேள்னுன்னா நினைச்சிண்டிருந்தேன்" என்றாள். நான் தூங்கின பிறகு என் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டுகளை எடுத்து எடுத்துப் பார்ப்பாளாம். இல்லாத வியாதிக்கு இரண்டு வருஷம் தனியாகப் பயந்திருக்கிறாள். அந்தக் கணக்கை நான் இன்னும் தீர்க்கவில்லை.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வேறொரு யூராலஜிஸ்டிடம் போனோம். எல்.ஐ.சி. பாலிசிகளோடு பீரோவில் கிடந்த டிஸ்சார்ஜ் ஸம்மரியை எடுத்துப் போனோம். அவர் படித்துவிட்டு, "ஒரு பக்கத்து நரம்பைத்தான் காப்பாற்ற முடிந்திருக்கிறது, இதிலேயே எழுதியிருக்கிறதே. முதல் சில மாதங்களிலேயே வந்திருந்தால் நன்றாயிருக்கும். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்றார். அவர் விளக்கியதையும் அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கிற சுரப்பி. விந்துவில் ஒரு பங்கு திரவம் அதிலிருந்து வருகிறது. விறைப்பை உண்டாக்கும் நரம்புகள் அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருக்குமே அந்தச் சக்தி போய்விடும். 1982-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பாட்ரிக் வால்ஷ் என்பவர் அந்த நரம்புகளை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் கான்சர் நரம்பை ஒட்டி இருந்தால் நரம்பையும் எடுத்தாக வேண்டும். காப்பாற்றிய நரம்பும் ஆபரேஷனில் இழுபட்டு அசந்துபோயிருக்கும். அது விழித்துக்கொள்ள ஒன்றரை, இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இளம் வயதும், ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த சக்தியும், இரு பக்க நரம்பும் தப்பியதா என்பதும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. சர்க்கரையும் புகைப் பழக்கமும் தடையாக இருக்கும். ரோபோ வைத்துச் செய்தாலும் இதே விதிதான்.

ஆபரேஷனில் எது போகிறது, எது போகவில்லை என்று பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். ஆசை போவதில்லை, அதற்கான ஹார்மோன் வேறிடத்தில் சுரக்கிறது. உச்சத்தின் உணர்வும் போவதில்லை. அந்த நரம்பு வேறு. விறைப்பு இல்லாமலே உச்சம் வரும் என்பது எனக்கு 66 வயதில்தான் தெரிந்தது. விந்து மட்டும் வெளியே வராது, ஏனென்றால் அது உண்டாகிற இடத்தையே எடுத்துவிட்டார்கள். சிலருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சிறுநீர் கசியும். முன்னதாகப் பாத்ரூம் போய்விட்டு, பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டால் போதும். அதனால் மனைவிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

ரேடியேஷன் எடுத்துக்கொண்டவர்களின் கதை தலைகீழ். முதலில் எல்லாம் சரியாக இருப்பது போலிருக்கும். பிறகு சில வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ரேடியேஷன் எடுத்தவர் பக்கத்தில் படுக்கலாமா என்று ஒரு மாமி என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, தாராளமாகப் படுக்கலாம். கதிர்வீசும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள் வைத்திருந்தால் மட்டும் சில காலம் முன்ஜாக்கிரதைகள் உண்டு, டாக்டரே சொல்வார். கான்சர் தொற்றுவியாதியும் இல்லை.

மூன்றாவது, ஹார்மோன் ஊசி. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தக் கான்சர் ஒடுங்கும் என்று கண்டுபிடித்த டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர் காக்கும் மருந்து, ஆனால் ஆசையையே வற்றச் செய்துவிடும். உடம்பெல்லாம் திடீரென்று சூடு பரவி வியர்க்கும். மாமிகளுக்கு இது என்னவென்று நன்றாகத் தெரியும். சதை கரையும், எலும்பு மெலியும், மனசு சோர்ந்துவிடும். அந்த நிலையில் உள்ள மனுஷர் விலகி இருந்தால், அது மருந்தின் வேலை. பாசம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசியை நிறுத்த முடிந்தால் பலருக்குச் சில மாதங்களில் ஓரளவு திரும்பி வரும். தினமும் நடையும், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் நல்ல துணை.

இனி பரிகாரங்கள். முதல் படி மாத்திரை. சில்டெனாஃபில் 1998-ல் வந்தது. டடலாஃபில் அதன் தம்பி மாதிரி. போட்டுக்கொண்டு தினசரி படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. மனசும் ஸ்பரிசமும் சேர வேண்டும். ஒரு தடவை பலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது, டாக்டர் சொன்னபடி பல முறை பார்க்க வேண்டும். நரம்பு தப்பாதவர்களுக்குப் பெரும்பாலும் பலிக்காது. ஒரு கடுமையான எச்சரிக்கை: நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சுவரொட்டியிலும் பேப்பர் விளம்பரத்திலும் வருகிற லேகியங்களும் வேண்டாம். இயற்கை மூலிகை என்று விற்ற சரக்குகளில் இதே சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாட்டு அரசு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வாக்குவம் பம்ப். ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு கைப் பம்ப், ஒரு ரப்பர் வளையம். அரை மணிக்கு மேல் வளையத்தை விட்டுவைக்கக் கூடாது. மூன்றாவது, உறுப்பின் பக்கவாட்டில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி. இன்சுலின் ஊசி மாதிரி மெல்லியது. முதல் முறை டாக்டர் தாமே போட்டு அளவு நிர்ணயிப்பார். நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால், வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எதுவும் பலிக்காதவர்களுக்கு உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷன் இருக்கிறது. மாத்திரை, பம்ப், ஊசி ஆகியவை அந்த இடத்தில் ரத்த ஓட்டம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும், சதை சுருங்காமல் இருக்க உதவலாம் என்பதற்காகப் பல டாக்டர்கள் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். போன நரம்பை இவை திரும்பக் கொண்டுவரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

கசிவுக்கு ஒரு பயிற்சி உண்டு. கூட்டத்தில் வாயு பிரியாமல் அடக்குகிறோமே, அந்தத் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி தளர்த்த வேண்டும். பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. டாக்டர் கெகல் 1948-ல் பிரசவமான பெண்களுக்காகச் சொன்னது. யோகாசனம் செய்பவர்கள் அசுவினி முத்திரை என்று அறிந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொள்வது உத்தமம்.

என் விஷயத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாத்திரை பலிக்கவில்லை. ஊசிக்கு நான் துணியவில்லை. பம்ப் வாங்கினோம். முதல் தடவை இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட சிரிப்பு அது. பழையபடி எல்லாம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். எப்போதாவது உபயோகப்படுகிறது. ஆனால் ஹாலில் இருந்த கட்டில் மறுநாளே உள்ளே போய்விட்டது. கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதற்கு எந்த நரம்பும் தேவையில்லை.

"இந்த வயசில் இதெல்லாம் எதற்கு, ராம ராமா என்று இருக்கக் கூடாதா?" என்று என் நெருங்கிய நண்பரே கேட்டார். இருவரும் பேசி, போதும் என்று முடிவு செய்தால் அது பூரண சம்மதம், குறையொன்றும் இல்லை. பேசாமலே ஒருவர் முடிவு செய்து, மற்றவர் காரணம் தெரியாமல் தவிப்பது தர்மமாகாது. அவளுக்கும் வயசாகிறது. உலர்ச்சி, வலி, தயக்கம் இருக்கும். அதற்கும் மருந்துக் கடையில் வழவழப்பான ஜெல் கிடைக்கிறது, பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டு ரூம் பிளாட்டில் மருமகள் அடுத்த அறையில் இருக்கும்போது பேசுவது கஷ்டம் என்றால், நாங்கள் செய்தபடி சாயங்காலம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, இனி சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு. பரவாத கான்சர் என்றால் பெரும்பாலும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு என்று மூன்று பிரிவாக 1,643 பேரை 15 வருஷம் கவனித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பிரிவிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்தக் கான்சருக்குப் பலியாகவில்லை. ஆகவே கேட்க நேரம் இருக்கிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நாலு கேள்வி கேளுங்கள். எனக்குக் கண்காணிப்பு மட்டும் போதுமா? நரம்பைக் காப்பாற்ற முடியுமா, ஒரு பக்கமா, இரு பக்கமா? தாம்பத்தியத்துக்கு என்ன ஆகும்? அதற்கான வைத்தியத்தை எப்போது ஆரம்பிக்கலாம்? பிள்ளை கூட வந்தால், இரண்டு நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான்.

இன்று இங்கே கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் எனக்குப் போன் செய்யலாம். மாமிகள் என் அகமுடையாளுக்குச் செய்யலாம். அவள் எனக்கு மேல் விஷயம் தெரிந்தவள்.