யாழ்ப்பாணம் போறவங்களுக்கு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

இலங்கை டூருன்னா கொழும்பு, கண்டி, நுவரெலியா காட்டிட்டுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவாங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் வடக்கே போனோம். சென்னையில இருந்து பலாலிக்கு விமானம் இருக்குதுங்க. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க.

“சண்டை நடந்த ஊராச்சே, பயமில்லையா?”ன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. சண்டை 2009 மே மாசமே முடிஞ்சுது. மிச்சம் மண்ணுக்குள்ள கிடக்குது. முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருக்காங்க. மிதிவெடி எடுக்கிற வேலையில பொம்பளைங்க நிறையப் பேர். ரோட்டை விட்டு ஓரமா இறங்கி போட்டோ எடுக்கிற பழக்கத்தை அங்க விட்டுருங்க.

1981-ல எரிச்ச யாழ் நூலகத்தைத் திரும்பக் கட்டிட்டாங்க. எரிஞ்சுபோன 97,000 புத்தகம் வருமாங்க? 1990-ல நின்ன ரயில் 2014-லதான் யாழ்ப்பாணம் வந்துச்சு. தண்டவாளம் போட்டது நம்ம இர்கான் கம்பெனி.

அதைப் பெருமையாச் சொன்னேன். டீக்கடைப் பெரியவர் தலையாட்டிட்டு, “ஆஸ்பத்திரியும் பாத்தனீங்களோ?”ன்னு மட்டும் கேட்டார். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள்ல, அமைதிப்படை உள்ள புகுந்தப்ப டாக்டர், நர்ஸ், நோயாளின்னு 60 பேருக்கு மேல செத்த இடம். வருஷா வருஷம் நினைவு நாள் நடத்துறாங்க. இந்தியாக்காரங்களா அங்க போறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லதுங்க.

இன்னொண்ணு. நாங்க தங்குன வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். நம்ம டிவியில ‘தமிழக மீனவர் கைது’ன்னு மட்டும்தானே பாக்கிறோம்? அவர் கதை வேற. போர்க் காலத்துல கடலுக்கு இஷ்டப்படி போக முடியல. இப்பப் போனா, ராத்திரி நம்ம பக்கத்து இழுவைப் படகு வந்து வலையை அறுத்துட்டுப் போகுதாம். ஒரு வலை போனா ஒரு வருஷக் கடன்கிறார். அடிக்கடலையே வாரிட்டுப் போற அந்த இழுவை முறையை அவங்க நாடு 2017-ல சட்டம் போட்டுத் தடை பண்ணிருச்சு. “உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ”ன்னார். விசைத்தறிக்காரன் நான் ராமேஸ்வரத்துல யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க? இங்கயாவது சொல்லிடலாம்னுதான் எந்திரிச்சேன்.

கிளிநொச்சியில காணாமப்போன புள்ளைங்க போட்டோவை வெச்சுக்கிட்டு 2017 பிப்ரவரியில உக்காந்த அம்மாக்களோட போராட்டம் இன்னும் தொடருது. அங்க போனா கேமராவை எடுக்காதீங்க, கேட்டுட்டு எடுங்க.

பேச்சு ஒரு கஷ்டமும் இல்லை. நம்ம மாதிரியே ‘வாங்கோ’தான். ‘பேசினார்’னா அங்க திட்டுனார்னு அர்த்தம், அது ஒண்ணைப் பாத்துக்கோங்க. ஆகஸ்ட்டை ஒட்டி நல்லூர் திருவிழா 25 நாள் நடக்கும். ரூமை முன்னாடியே போட்டுருங்க. கோயிலுக்குள்ள ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும். விசாவுக்கு ஆன்லைன்லயே எழுதிப் போடலாம். சந்தேகம் இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டுக்கு வாங்க, பனங்கட்டி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குது.